படிவத்தின் ஏழாவது கேள்வி

முயல் சீரத்தை விட்டாயிற்று. மணி பதினொன்று பத்து. இனி பன்னிரண்டு பத்து வரை நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை, இந்த ஒரு மணி நேரத்தை இருபத்தைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கூட்டிப் பார்த்தால் என் ஆயுளில் ஒரு வருஷமாவது இப்படி ஒரு பிளாஸ்டிக் தட்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததில் போயிருக்கும். தட்டு உள்ளங்கை அளவுதான். அறுபது குழிகள், ஒவ்வொன்றிலும் கடுகைவிடச் சின்னதாக ஒரு துளி. துளிக்குள் லிங்கதுரையின் வெள்ளை அணுக்கள், அதன் மேல் அவர் மனைவி சேர்மக்கனியின் சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் நீர், அதற்கும் மேல் இப்போது நான் விட்ட முயல் சீரம். மனைவியின் ரத்தத்தில் கணவனுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் அது போய் அவர் அணுக்களில் ஒட்டிக்கொள்ளும், முயல் சீரம் அந்த அணுவில் ஓட்டை போடும், செத்த அணு சாயத்தைக் குடித்து நீலமாகிவிடும். உயிருள்ளது குடிக்காது, பளிச்சென்று நிற்கும். நூறு அணுவை எண்ணி எத்தனை நீலம் என்று சொல்வது என் வேலை. பத்துக்குள் இருந்தால் லிங்கதுரையின் சிறுநீரகத்தைச் சேர்மக்கனிக்கு வைக்கலாம். இருபதைத் தாண்டினால் கூடாது. காலையில் எண்ணியபோது பதினேழு. திரும்ப எண்ணினேன், பதினேழு. ஒன்பது என்று வந்திருந்தால் இந்நேரம் கையெழுத்துப் போட்டுவிட்டு காபி குடிக்கப் போயிருப்பேன், நாற்பது என்று வந்திருந்தாலும் போயிருப்பேன், வருத்தத்தோடு, ஆனாலும் போயிருப்பேன். பதினேழு என்பது நின்றுகொண்டே இருக்கச் சொல்கிற எண்.

சந்தேகம் வந்தால் நோயாளியின் படிவத்தைப் பார் என்பது இந்த ஆய்வுக்கூடத்தின் விதி. விதியை எழுதியவள் நான். படிவத்தையும் எழுதியவள் நான். அது இதோ மேசை மேல் கிடக்கிறது. சேர்மக்கனி, வயது இருபத்தொன்பது, உடன்குடி. ஆறாவது கேள்வி, இதற்கு முன் ரத்தம் ஏற்றியதுண்டா, இல்லை. ஏழாவது கேள்வி, குழந்தைகள் எத்தனை, இல்லை. ஒருவர் உடம்பு இன்னொருவரின் அணுவை எதிரியாகக் கண்டுகொள்வதற்குப் பாடப்புத்தகத்தில் மூன்று வழிதான் உண்டு. இன்னொருவர் ரத்தம் ஏறியிருக்க வேண்டும், இன்னொருவர் உறுப்பு ஏறியிருக்க வேண்டும், அல்லது பிள்ளை சுமந்திருக்க வேண்டும், ஏனென்றால் பிள்ளையில் பாதி அப்பன். இந்தப் பெண்ணுக்கு மூன்றும் இல்லை. அப்படியானால் இந்தப் பதினேழு எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை, சும்மா வந்தது, சும்மா வருவது ஒன்றும் செய்யாது என்று இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான் கட்டுரை எழுதியிருக்கிறாள். அவள் இங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், காலையில் முடித்த சோதனையைத் திரும்பவும் முதலிலிருந்து போட்டுவிட்டு.

குளிர்சாதனம் விட்டு விட்டு முனகுகிறது. அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம் வைக்கவும் என்று வெளிநாட்டுக் கையேட்டில் ஒரு வரி, அவர்களுடைய அறையின் வெப்பநிலை இருபத்திரண்டு. நம்முடைய அறையில் மே மாதம் முப்பத்தைந்து. அந்த ஒரு வரிக்காக ஏழு வருஷம் மனு எழுதினேன். மனிதர்கள் உட்காரத்தானே ஏசி கேட்கிறீர்கள் மேடம், வார்டிலேயே இல்லையே என்றார் அப்போதிருந்த அதிகாரி, இல்லை சார், அணுக்களுக்கு என்றேன், அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. முயல் சீரம் பனிக்கட்டியில் பொதிந்து விமானத்தில் வரும், சுங்கத்தில் பதினோரு நாள் கிடக்கும், இது என்ன மருந்தா உணவா பிராணியா என்று எந்தக் கட்டத்தில் போடுவதென்று தெரியாமல் வைத்திருப்பார்கள், நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேரும்போது பனிக்கட்டி தண்ணீராகி, தண்ணீரும் வடிந்து, அட்டைப்பெட்டி மட்டும் நமத்துப்போய் இருக்கும். செத்த சீரம் எதையும் கொல்லாது. எல்லா அணுவும் பளிச்சென்று நிற்கும். எல்லோருக்கும் எல்லோரும் பொருந்துவார்கள். அதைவிடப் பயங்கரம் வேறு கிடையாது, அதனால் ஒவ்வொரு முறையும் முதலில் சீரத்தையே சோதித்து, பிறகு சோதனையைச் சோதித்து, இன்றைக்கும் சோதித்தேன், சீரம் நன்றாகத்தான் இருக்கிறது, குழாய்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, என்னைத் தவிர எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

போன் அடித்தது. டாக்டர் கமலக்கண்ணன். சிறுநீரகம் மாற்றும் அறுவை சிகிச்சை இங்கே அவர் கையில்தான்.

"மேடம், முடிஞ்சுதா?"

"பன்னெண்டே கால் ஆகும் டாக்டர்."

"காலையில பதினேழுதான வந்துச்சு? அதுக்கு எதுக்கு ரிப்பீட்? ரெண்டு மணிக்குள்ள நான் ஆபரேஷன் தியேட்டர் லிஸ்ட் குடுக்கணும். நாளைய விட்டா அடுத்தது எப்பன்னு எனக்கே தெரியாது. அந்தப் பொண்ணுக்கு டயாலிசிஸ் ஊசி குத்த ரெண்டு கையிலயும் இடம் இல்ல, கழுத்துல குழாய் போட்டு ஓட்டிட்டிருக்கேன். அதுலயும் ரெண்டு தடவை குளிர் காய்ச்சல். இன்னும் எத்தனை நாள் தாங்கும்னு நினைக்கறீங்க?"

"எனக்கும் தெரியும் டாக்டர்."

"ஃபார்மைப் பாருங்க. ரத்தம் ஏத்தல, குழந்தை இல்ல. இந்த மாதிரி பொம்பளைங்களுக்குச் சும்மா வர்ற ஆன்டிபாடி ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? நீங்க எழுதினதை நான் நம்பறேன், நீங்க நம்ப மாட்டேங்கறீங்க."

"பன்னெண்டே காலுக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். நல்ல மனிதர். என்னை டாக்டர் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை, மேடம்தான். இந்த வளாகத்தில் டாக்டர் என்றால் ஊசி போடத் தெரிந்திருக்க வேண்டும். நான் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய டாக்டர், அது பெயர்ப்பலகையில் இருக்கும், சாப்பாட்டு அறையில் இருக்காது. பக்கத்து வீட்டு அம்மாள் இருமலுக்கு மாத்திரை கேட்டு வந்து, எனக்குத் தெரியாதுங்க என்றதும் இவ்வளவு வருஷம் என்னதான் படிச்சீங்க என்று கேட்டாள். அன்றைக்குச் சிரித்தேன். கமலக்கண்ணன் போன்றவர்கள் கையெழுத்துப் போடுகிற இடத்துக்குக் கீழே, பொடி எழுத்தில், சோதித்தவர் தமயந்தி. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை என்று எத்தனை தடவை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். வருத்தம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. சுமக்கிற வேலையெல்லாம் கீழே, பெயரெல்லாம் மேலே, ஆனால் ஒன்று மட்டும் என்னுடையது என்று இருந்தது, அந்தக் கட்டுரை, அதை யாரும் மேலே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நூற்றுப் பன்னிரண்டு பெண்கள். அறுநூற்று நாற்பது பெண்களின் ரத்தத்தைப் பார்த்தேன், எல்லோரும் பிள்ளை இல்லாதவர்கள், ரத்தம் ஏற்றிக்கொள்ளாதவர்கள், அதில் நூற்றுப் பன்னிரண்டு பேரின் சீரம் யாரோ முன்பின் தெரியாதவர்களின் அணுக்களைக் கொன்றது. யாரும் கற்றுக்கொடுக்காமலே. என் நோட்டில் அவர்களுக்குச் சும்மா வந்தவர்கள் என்று பெயர் வைத்திருந்தேன், கட்டுரையில் இயற்கை ஆன்டிபாடி என்று கௌரவமாக எழுதினேன். மூன்று வருஷம் அலைக்கழித்துத்தான் வெளியிட்டார்கள், உங்கள் தகவல் சேகரிப்பில் பிழை இருக்கலாமே என்று ஆய்வு இதழுக்காக அதை மதிப்பிட்ட முகம் தெரியாத ஒரு ஆள் கேட்டான், எனக்கு ரத்தம் கொதித்தது, இந்திய ஆய்வுக்கூடம் என்றால் உனக்கு எப்போதும் பிழைதானா என்று எழுதி, கிழித்து, மரியாதையாக வேறு எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு இருபது வருஷம் ஏன் இவர்களுக்கு மட்டும் என்று தேடினேன். மரபணுவில் இருக்கும் என்று நினைத்தேன். குழாய்களை வெளிநாட்டுக்கு அனுப்பினேன், ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது, வேறு இடத்துக்கு அனுப்பினேன், ஒன்றும் இல்லை. ஒரு மாநாட்டில் சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னால் ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள், பேசிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையில் தட்டு எடுக்கப் போய்விட்டார்கள். வருகிற மார்ச்சில் ஓய்வு. விடை இல்லாமலே போகப்போகிறேன் என்பது போன வருஷமே தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகும் வாரத்தில் ஒரு நாள் அந்த நோட்டை எடுத்து நூற்றுப் பன்னிரண்டு பெயரையும் மேலிருந்து கீழாகப் படிப்பேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பதினொன்று முப்பத்தைந்து. பதினேழு. ஒரே ஒரு தடவை பொருந்தாத சிறுநீரகத்தை நேரில் பார்த்திருக்கிறேன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், தியேட்டருக்குள் வந்து பாரும்மா என்று கூப்பிட்டார்கள். ரத்தக்குழாயை இணைத்து இடுக்கியை எடுத்ததும் அது ரோஜா நிறமாக உப்பியது, எல்லோரும் மூச்சு விட்டார்கள், இரண்டு நிமிஷம் இருக்காது, ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்து முழுசும் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. பக்கத்து மேசையில் அதைக் கொடுத்தவளுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள், அவள் மனைவி. எப்போதும் மனைவிதான். அல்லது அம்மா. இருபத்தைந்து வருஷத்தில் இந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த பெண்களை வரிசையில் நிற்கவைத்தால் கடற்கரை வரை போகும், மனைவிக்குக் கொடுக்க வந்த கணவன்மாரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருவர் கையெழுத்துப் போடும் நாளன்று காணாமல் போனார். லிங்கதுரை மினி பஸ் ஓட்டுகிறவர், கையெழுத்துப் போடும்போது எந்தப் பக்கத்து கிட்னி சார் நல்லா வேலை செய்யும், அதையே எடுத்துக்குங்க என்றாராம். அப்படி ஒருவர் வந்திருக்கிறார், வந்த இடத்தில் நான் குறுக்கே உட்கார்ந்துகொண்டு பதினேழு பதினேழு என்கிறேன். என் கட்டுரையை நானே நம்பினால் இந்த நிமிஷம் எழுந்து போய்ச் சரி என்று சொல்லலாம். நம்புகிறேன். நம்பாமல் என்ன. நம்புகிறவளுக்கு எதற்கு இரண்டாவது தட்டு என்றால், பழக்கம், எச்சரிக்கை, வயசு, என்னவோ ஒன்று.

"டாக்டரம்மா."

கதவுக்கு வெளியே சேர்மக்கனி நிற்கிறாள். கழுத்தில் குழாயை மறைத்துத் துண்டைச் சுற்றியிருக்கிறாள். நோயாளிகள் மட்டும்தான் என்னை டாக்டர் என்பார்கள், பாவம், அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

"உள்ள வரக்கூடாதும்மா, அங்கயே நில்லு."

"வரல டாக்டரம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வெறும் வயித்துல ரத்தம் குடுக்கணும்னு சொன்னாகன்னு அவுக காலையிலேர்ந்து பட்டினியா இருக்காக. ரத்தம் குடுத்தாச்சு. ஆனா சாப்பிடலாம்னு யாரும் சொல்லலியேன்னு இன்னும் உக்காந்துருக்காக. சாப்பிடலாமா?"

"அடக் கடவுளே. தாராளமா சாப்பிடச் சொல்லு."

"சரி." போகவில்லை. "சேந்துருமா டாக்டரம்மா?"

"பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்." அதோடு விட்டிருக்கலாம். படிவம் கண்ணெதிரில் இருந்ததால் வாயில் வந்ததைக் கேட்டேன். "உனக்கு எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இல்ல டாக்டரம்மா. ரெண்டாவது கலைஞ்சப்ப ஏத்தணும்னு சொன்னாக. எங்க அத்தை வேண்டாம்னுட்டாக. பீட்ரூட்டும் முருங்கக்கீரையுமா குடுத்தே தேத்திட்டாக."

"ரெண்டாவதுன்னா?"

"மொதலாவது அஞ்சு மாசத்துல போச்சு. ரெண்டாவது ஆறரை மாசம். ரெண்டும் தங்கல."

"இவருக்குத்தானே?"

என்ன கேள்வி இது என்பதுபோல் பார்த்தாள். "அவுகளுக்குத்தான். கல்யாணம் ஆகி ரெண்டாவது வருசமும் நாலாவது வருசமும்."

"ஃபார்ம்ல இல்லன்னு இருக்கேம்மா."

"புள்ள எத்தனைன்னு கேட்டாக. இல்லன்னு சொன்னேன்." கழுத்துத் துண்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "இல்லதான டாக்டரம்மா?"

போய்விட்டாள், அவரைச் சாப்பிடச் சொல்ல. நான் எழுந்தேனா, எழுந்து எதற்கு, உட்கார்ந்தேன். தட்டில் இன்னும் இருபத்தேழு நிமிஷம். எண்பத்து நாலா எண்பத்தைந்தா, ஒரு மத்தியானம், ஸ்டென்சில் தாளில் இந்தப் படிவத்தை நானே தட்டச்சு செய்தேன். ஏழாவது கேள்வி முதலில் அப்படி இல்லை. எத்தனை முறை கர்ப்பமானீர்கள் என்றுதான் இருந்தது. சரியான கேள்வி. புத்தகத்தில் உள்ள கேள்வி. படிவம் நிரப்புகிற குமாஸ்தா, நெற்றி நிறைய விபூதி பூசியவர், இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். மேடம், வரிசையில மாமியா நிக்கறா, நாத்தனா நிக்கறா, பின்னால பத்து ஆம்பள நிக்கறான், கல்யாணம் ஆகாத பொண்ணும் வருது, இதையெல்லாம் நான் எப்படி மேடம் சத்தமா கேக்கறது, வேற மாதிரி போடுங்களேன். எனக்கு அவரைப் பார்த்து மரியாதை வந்தது. நாசூக்கான மனிதர் என்று நினைத்தேன். நானும் நாசூக்கானவள்தானே. அடித்துவிட்டு, குழந்தைகள் எத்தனை என்று போட்டேன். இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றியது. ஒன்றுதான் என்று எப்படித் தோன்றியது? மூளை எங்கே போயிருந்தது? ரத்தத்துக்குப் பிள்ளை பிறந்ததா தங்கியதா என்று தெரியாது, சுமந்தாளா இல்லையா என்பதுதான் தெரியும், இதை நான்தான் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு எடுக்கிறேன், வருஷா வருஷம் எடுக்கிறேன், எடுத்துவிட்டு வந்து இதே படிவத்தை அலமாரியில் அடுக்குகிறேன். எவரும் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னார்கள், நூற்றுப் பன்னிரண்டு பேரும். சும்மா வந்தவர்களாம். இயற்கையாம். மரபணுவாம். இருபது வருஷம் கண்ணாடிக் குழாயைக் கடல் தாண்டி அனுப்பி, ஒன்றும் இல்லை ஒன்றும் இல்லை என்று அவர்கள் எழுதியதெல்லாம் உண்மைதான், அங்கே ஒன்றும் இல்லை, இங்கே வாசலில் நின்றவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த முகம் தெரியாத ஆள் சொன்னது சரி. உங்கள் தகவல் சேகரிப்பில் பிழை இருக்கலாமே. எவ்வளவு மரியாதையாகக் கேட்டிருக்கிறான், அவனைப் போய் நான்.

என்னையே யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? ஒரே பையன் என்பேன். எல்லா இடத்திலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், ஆஸ்பத்திரியிலும் ரேஷன் கார்டிலும் கல்யாண வீட்டிலும். பையனுக்கு மூன்று வயசாகும்போது பத்து வாரத்தில் ஒன்று கலைந்தது, ஒரு வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமை நான் வேலைக்கு வந்துவிட்டேன், என் கணவர் அதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. நானே எண்ணவில்லை. எண்ணுவதே தொழிலாக இருப்பவள். அந்தப் பையன் மட்டும் பிறக்காமல் போயிருந்தால், என் ரத்தத்தை எடுத்து ஒரு குழியில் விட்டிருந்தால் நானும் சும்மா வந்தவள்தான். அழுகை வரும்போல் இருக்கிறது, வரவில்லை, அழுவதைவிடக் கோபம்தான் பெரிசாக இருக்கிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை, குமாஸ்தா செத்துப்போய்விட்டார். ஒன்பது பேர். இது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது, இவ்வளவு நேரம் எங்கே ஒளிந்திருந்ததோ. என் கட்டுரையை நம்பி, பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் எண்ணிக்கை வந்தும், ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லி, ஒன்பது பெண்களுக்குச் சிறுநீரகம் வைத்தார்கள். கொடுத்தவர்களில் கணவன்மார் நாலு பேர். மற்றவர்கள் அண்ணன், அம்மா, அக்கா. அந்த ஒன்பதில் நாலு ஒரு வாரத்துக்குள் கெட்டுப்போயின. காரணம் தெரியவில்லை என்று எழுதினோம். எந்த நாலு என்று நோட்டைப் பார்க்க வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். கமலக்கண்ணனுக்கும் தெரியும்.

பன்னிரண்டு பத்து. கை தானாக வேலை செய்கிறது, சாயம் விட்டேன், ஐந்து நிமிஷம், தட்டை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தேன். சுத்தமான வட்டம், வட்டத்துக்குள் லிங்கதுரை பளிச் பளிச்சென்று, இங்கொன்றும் அங்கொன்றுமாக நீலம். முப்பது, பாதுகாக்கிற கடவுளே முப்பது இருக்கட்டும், இருந்தால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, எண்ணே சொல்லிவிடும். எண்ணினேன். பதினான்கு. அடுத்த குழி, பதினான்கு. மூன்றாவது, பதிமூன்று. இன்றைக்கென்று பார்த்து இறங்கியிருக்கிறது. இறங்கியதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை, காலைக்கும் இப்போதைக்கும் என் கை வித்தியாசம். பிள்ளை போய்ப் பல வருஷம் ஆனால் ஆன்டிபாடி வற்றி, இந்தத் தட்டின் கண்ணுக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும், ஆனால் உடம்பு மறக்காது, அதே ஆளுடைய உறுப்பை உள்ளே வைத்த அன்று விழித்துக்கொள்ளும். இதுவும் நான் முதலாம் ஆண்டில் எடுக்கிற பாடம்தான்.

போனை எடுத்தேன்.

"பதினாலு டாக்டர்."

"அப்பாடா. குறைஞ்சே போச்சு. லிஸ்ட்ல போடறேன் மேடம்."

"போடாதீங்க. அந்தப் பொண்ணு ரெண்டு தடவை கர்ப்பமாயிருக்கா. ரெண்டும் இவருக்கு. ரெண்டும் கலைஞ்சிடுச்சு."

"ஃபார்ம்ல இல்லன்னுதான..."

"ஃபார்ம் தப்பு. நான் எழுதின கேள்வி தப்பு. அதை வச்சு எழுதின பேப்பரும் தப்பு."

அந்தப் பக்கம் யாரோ ஏதோ கேட்க, இரு என்று அவர் அதட்டுவது கேட்டது. பிறகு கதவு சாத்துகிற சத்தம்.

"அப்போ அந்த நாலு பேரு?"

"அவங்களும் இப்படித்தான் இருக்கணும்."

"நாலையும் திரும்ப வெளிய எடுத்தவன் நான். என் தையல்லதான் கோளாறுன்னு ஆறு மாசம் கத்தியத் தொடாம இருந்தேன் மேடம். நீங்ககூட வந்து ஆறுதல் சொன்னீங்க."

"சொன்னேன்."

"இவளுக்கு வேற யாரு இருக்காங்கன்னு கேட்டுப் பாருங்க" என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

வராந்தாவில் லிங்கதுரை பொட்டலத்தைப் பிரித்துத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் பின்னால் மறைத்துக்கொண்டார். உட்காருங்க என்றேன், உட்காரவில்லை. எப்படிச் சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. நாளைக்கு ஆபரேஷன் இல்லை என்றேன். உங்களுடையது இவளுக்குச் சேராது என்றேன்.

"அதெப்படிங்கம்மா? ரத்த குரூப் ஒண்ணுதான்னு சொன்னாகளே. நான் பீடி சிகரெட் எதுவும் தொடுறதில்லீங்கம்மா."

"உங்க மேல தப்பில்ல. அந்த ரெண்டு குழந்தையிலயும் பாதி நீங்க. சுமந்தப்ப இவ உடம்பு உங்களைத் தெரிஞ்சு வச்சுக்கிச்சு. இப்ப உங்க கிட்னிய வச்சா, தெரிஞ்ச எதிரி வந்துட்டான்னு உடனே அடிச்சுத் தள்ளிடும். வேற யாராவது இருக்காங்களா? கூடப் பொறந்தவங்க?"

"ஒரு அக்கா இருக்கா" என்றாள் சேர்மக்கனி. "அத்தான் விடமாட்டாக."

"நான் போயிக் கால்ல விழுந்து கேக்கேன்" என்றார் லிங்கதுரை, அவளிடம் சொன்னாரா என்னிடமா என்று தெரியவில்லை. பிறகுதான் உட்கார்ந்தார். பொட்டலத்தை மூடினார், திறந்தார், மூடினார். "எடுத்துக்கிடுங்கன்னு சொல்ல வந்தவனப் போயி வேண்டாம்ங்குதீகளே" என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

படிவம் என் கையிலேயே இருந்தது. மதிய வெளிச்சத்தில் பெஞ்சின் ஓரத்தில் வைத்து ஏழாவது கேள்வியில் இல்லை என்பதை அடித்தேன். இரண்டு என்று எழுதினேன். எந்த வருஷம் என்று கேட்டேன், சேர்மக்கனி சொன்னாள், மாசமும் சொன்னாள், தேதியும் சொன்னாள், யோசிக்காமல், இரண்டுக்கும். எழுதிக்கொண்டேன். இன்னும் எத்தனை படிவம், அலமாரி முழுக்க, எல்லோரையும் தேடிப் பிடிக்க வேண்டும், மார்ச்சுக்குள், பாதிப் பேர் உயிரோடு இருப்பார்களோ என்னவோ, யார் உட்கார்ந்து எனக்காக மறுபடியும் சொல்லப்போகிறார்கள். பேனாவை மூடினேன். அவள் இன்னும் குனிந்து காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் பொட்டப்புள்ள டாக்டரம்மா. அதையும் எழுதணுமா?"

சோதனைக்கு அது தேவையில்லை. தேவையில்லையம்மா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. பேனாவைத் திறந்து எழுதினேன்.